பாதம் பார்த்தல்

எண்சாண் உடம்புக்குச் சிரசே பிரதானம் என்பது பழமொழி. ஆயின், அவ்வுடம்பை ஆயுள் முழுதும் சுமந்து நடக்கும் பாதத்தை நாம் எத்துணை முறை நோக்குகின்றோம்? நீரிழிவு நோயுற்ற முதியோர்க்கு இவ்வினா மிகவும் இன்றியமையாதது.

நீரிழிவு பல்லாண்டுகள் நீடிக்குங்கால் கால் நரம்புகள் நலிவுறக்கூடும். குருதிக் குழாய்களும் குறுகக்கூடும். நரம்பு நலிந்தால் முள் தைப்பினும் சூடு படினும் வலி தோன்றாது. குருதியோட்டம் குறைந்தால் புண் விரைந்து ஆறாது. இவ்விரண்டும் ஒருங்கு சேருமிடத்துச் சிறு கொப்புளமும் அழுகற் புண்ணாகி, விரலையோ காலையோ நீக்க நேரிடலாம். வலி உடலின் காவலன். அக்காவலன் உறங்கிவிட்ட இடத்தில் கண்களே காவல் புரிதல் வேண்டும்.

"காலைப் பேணுகின்றீர்களா?" என்று மருத்துவர் ஒருவர் என் தந்தையாரை வினவினார். "ஐந்து வேளையும் ஒளுச் செய்து கழுவும் கால் ஆயிற்றே!" என்று அவர் விடையிறுத்தார். அது மெய்யே. ஆயினும், ஒருநாள் காலணிக்குள் கிடந்த சிறு கல்லின்மீது பகல் முழுதும் நடந்திருக்கின்றார். மாலையில் காலுறையில் குருதிக் கறை கண்ட பின்னரே வீட்டார் அறிந்தோம். இறுதியில் ஒரு விரலை இழந்தார். கழுவினார், பார்க்கவில்லை. பார்த்தீர்களா என்று எவரும் கேட்கவுமில்லை.

ஆகவே, பாதம் பேணும் பழக்கத்தை மதிப்பிடுவோர் பொதுப்பட வினவுதல் போதாது. அவ்வாறு வினவின் பெரும்பாலோர் 'ஆம்' என்றே கூறுவர். டூபர்ட், ஹாம்ப்சன், கிளாஸ்கோ ஆகிய ஆய்வாளர்கள் 2000 ஆம் ஆண்டில் வெளியிட்ட நீரிழிவுத் தற்பேணல் வினாநிரல், "கடந்த 7 நாள்களில் எத்தனை நாள்?" என்று கணக்குக் கேட்கின்றது. பாதத்தைப் பார்த்த நாள் எத்தனை? காலணியின் உட்புறத்தைச் சோதித்த நாள் எத்தனை? கழுவிய பின் விரலிடுக்குகளை உலர்த்திய நாள் எத்தனை? கழுவுதல் வேறு, உலர்த்துதல் வேறு. ஈரம் தங்கிய இடுக்கில் சேற்றுப்புண் தோன்றும்.

இவற்றோடு, வெறுங்காலுடன் நடக்கும் வழக்கம் உண்டா, கால் ஆணியைப் பிளேடால் தாமே சீவுகின்றனரா, வெந்நீரின் சூட்டைக் காலை விட்டுப் பார்க்கின்றனரா என்பனவும் வினவத்தக்கன.

இன்னொன்றும் உண்டு. அறிந்திருத்தல் வேறு, செய்ய இயலுதல் வேறு. முதியவரால் குனிந்து உள்ளங்காலைக் காண முடிகின்றதா? கண்பார்வை தெளிவாக உள்ளதா? இயலாதவர்க்குத் தரையில் வைத்த கண்ணாடி உதவும். அதனினும் வீட்டாரின் கண்கள் உதவும். ஆண்டிற்கு ஒருமுறையேனும் மருத்துவரிடம் பாதத்தைக் காட்டுதலும் வேண்டும். 10 கிராம் விசையில் வளையும் மெல்லிய நைலான் இழையைப் பாதத்தில் ஊன்றி, தொடுவுணர்வு எஞ்சியுள்ளதா என்று அவர் சோதிப்பார். பாதத்தின் நாடித் துடிப்பையும் தொட்டறிவார்.

மாணவச் செல்வங்களே! உங்கள் இல்லத்தில் நீரிழிவுற்ற பாட்டனாரோ பாட்டியாரோ இருப்பின், இன்றிரவே அவர்தம் காலடியில் அமருங்கள். பாதத்தை மடியிலேந்தி, குதிகால் வெடிப்பு முதல் விரலிடுக்கு வரை விளக்கொளியில் பாருங்கள். சிவப்போ, கொப்புளமோ, புண்ணோ தென்படின், வலியில்லையே என்று வாளாவிராது மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள். நாங்கள் ஒரு நாள் பிந்திக் கண்டதை நீங்கள் உரிய நாளில் காண்பீர்களாக!