துன்பத்தில் துணை நிற்கும் கலை

மகிழ்ச்சியாக வாழ விரும்பாதார் யார்? நாம் அனைவரும் அதைத்தான் நாடுகிறோம். தேர்வில் முதலிடம் வந்தால் மகிழ்வோம். பண்டிகைக்குப் புத்தாடை கிடைத்தால் மகிழ்வோம். ஆண்டுவிழாவில் பரிசு வாங்கினால் மகிழ்வோம். இவையெல்லாம் நல்லவையே. ஆனால் இவை பிறர் நமக்குத் தருபவை. தருபவர் தராவிட்டால் நம் கை வெறுங்கையாகிவிடுகிறது.

வேறொரு மகிழ்ச்சி உண்டு. விடியற்காலையில் வாசல் தெளித்துப் போட்ட கோலத்தின் கடைசிப் புள்ளியும் கோட்டுக்குள் அடங்கும்போது வரும் மகிழ்ச்சி அது. தையல் வகுப்பில் பத்து முறை பிரித்துப் பிரித்துத் தைத்த சங்கிலித் தையல் பதினோராம் முறை நேராக வந்து நிற்கும்போது வரும் மகிழ்ச்சி அது. வைக்கோலையும் பழுப்புக் காகிதத்தையும் கொண்டு கிறிஸ்துமஸ் குடில் கட்டி முடித்து, இரண்டடி தள்ளி நின்று பார்க்கும்போது வருவதும் அதுவே. இதை நமக்கு எவரும் தரவில்லை, நாமே உண்டாக்கினோம்.

"அதெல்லாம் ஓய்வு நேரத்துப் பொழுதுபோக்கு. வீட்டில் கஷ்டம் வந்தால் பாட்டும் பூத்தையலும் சோறு போடுமா?" என்று பெரியவர்கள் கேட்பதுண்டு. நியாயமான கேள்விதான். வள்ளுவப் பெருந்தகை 'இடுக்கண் அழியாமை' என்றே ஓர் அதிகாரம் வகுத்தார். துன்பம் வரும்போது மனம் உடைந்துபோகாமல் இருப்பது எப்படி? அதற்குக் கலை உண்மையில் உதவுமா? இதை வசதியாக உட்கார்ந்துகொண்டு ஆராய்வதைவிட, மிகக் கொடிய நிலையில் இதைச் சோதித்துப் பார்த்த பெண்களின் வரலாற்றைப் பார்ப்பது நல்லது.

சிறைக்குள் பூத்த பூக்கள்

இரண்டாம் உலகப் போரின்போது, 1942 பிப்ரவரி 15ஆம் நாள், சிங்கப்பூர் ஜப்பானியப் படையிடம் வீழ்ந்தது. அங்கிருந்த ஐரோப்பியக் குடும்பங்களைச் சேர்ந்த 400க்கும் மேற்பட்ட பெண்களும் குழந்தைகளும் அடுத்த மாதம் சாங்கி சிறைக்குக் கொண்டுசெல்லப்பட்டனர். 600 கைதிகளுக்காகக் கட்டப்பட்ட அச்சிறையில் ஆயிரக்கணக்கானோர் அடைக்கப்பட்டனர். ஆண்கள் ஒரு பக்கம், பெண்கள் மறுபக்கம். ஒரே மதிலுக்குள் இருந்தும் கணவனும் மனைவியும் பேசிக்கொள்ளத் தடை. அரை வயிற்று உணவு. எப்போது விடுதலை என்றும் தெரியாது.

அந்தச் சிறையில் எலிசபெத் என்னிஸ் என்ற பெண்மணி, சிறுமிகளைச் சேர்த்து ஒரு சாரணியர் படை தொடங்கினார். நம் பள்ளியின் சாரணியர் போலவே அவர்களும் வாரம் ஒருமுறை கூடினர். எட்டு வயது முதல் பதினாறு வயதுவரை உள்ள சிறுமிகள் சுமார் 20 பேர். தங்கள் தலைவியின் பிறந்தநாளுக்கு ஏதாவது பரிசளிக்க வேண்டும் என்று அவர்களுக்கு ஆசை. சிறைக்குள் கடை ஏது? காசு ஏது? கிழிந்த ஆடைகளின் ஒட்டுத் துணிகளைச் சேர்த்தார்கள். பழைய துணிகளிலிருந்து இழை பிரித்து நூலாக்கினார்கள். அறுகோண வடிவில் வெட்டிய துண்டுகளைப் பூப்போல அடுக்கித் தைத்து, ஒரு போர்வை உருவாக்கினார்கள். தங்கள் பெயர்களையும் அதில் தைத்தார்கள். அத்தனையும் தலைவிக்குத் தெரியாமல், காவலர் கண்ணிலும் படாமல்! அந்தப் போர்வை இன்று இலண்டன் மாநகரில் உள்ள போர் அருங்காட்சியகத்தில் பாதுகாக்கப்படுகிறது.

பெரியவர்களும் சும்மா இருக்கவில்லை. கனடா நாட்டைச் சேர்ந்த எத்தல் முல்வனி என்பவரின் யோசனைப்படி, அவர்கள் மூன்று பெரிய போர்வைகள் தைத்தனர். ஒவ்வொன்றிலும் 66 சதுரத் துண்டுகள். ஒவ்வொரு பெண்ணும் ஒரு சதுரத்தில் தன் பெயரையும், தன் மனத்துக்குப் பிடித்த ஒரு படத்தையும் பூத்தையலால் வரைந்தாள். ஒரு போர்வை ஆங்கிலேய வீரர்களின் மருத்துவமனைக்கு, ஒன்று ஆஸ்திரேலிய வீரர்களின் மருத்துவமனைக்கு, மற்றொன்று காயமுற்ற ஜப்பானிய வீரர்களுக்கு. பகைவனின் நோயாளிக்கும் ஒரு போர்வை! அதனால்தான் மற்ற இரண்டையும் அனுப்ப அனுமதி கிடைக்கும் என்று அவர்கள் நம்பினர்.

இதில் வேறொரு நுட்பமும் இருந்தது. மனைவி உயிரோடிருக்கிறாளா என்று தெரியாமல் தவித்த கணவன்மார் பலர். கடிதம் எழுத வழியில்லை. ஆனால் போர்வையில் அவள் கைப்படத் தைத்த பெயரைக் கண்டவர் மூலம், "அவள் இருக்கிறாள்" என்ற செய்தி எட்டக்கூடும் அல்லவா? எழுதுகோல் செய்ய முடியாததை அங்கே ஊசி செய்தது.

கருவி இல்லாத கச்சேரி

சிங்கப்பூர் வீழ்வதற்கு முன் கப்பலேறித் தப்பியோரும் தப்ப முடியவில்லை. பெண்களும் குழந்தைகளும் நிறைந்திருந்த வைனர் புரூக் என்ற கப்பல் 1942 பிப்ரவரி 14ஆம் நாள் குண்டுவீச்சில் மூழ்கியது. அதில் இருந்து உயிர் தப்பியவர்களுள் ஒருவர் நோரா சேம்பர்ஸ். இலண்டன் இராயல் இசைக்கழகத்தில் வயலின் பயின்றவர். தம் சின்னஞ்சிறு மகளை முன்னதாகவே வேறு கப்பலில் அனுப்பிவிட்டவர். போர் முடியும்வரை அந்த மகளை அவர் காணவில்லை. கணவரோ ஆண்கள் முகாமில்.

சுமத்திரா தீவில் பாலெம்பாங் என்னும் ஊரில் இருந்த பெண்கள் முகாமுக்கு நோரா கொண்டுசெல்லப்பட்டார். அங்கே மார்கரெட் டிரைபர்க் என்ற ஆங்கிலேய மறைப்பணியாளரும் இருந்தார். சீனாவிலும் சிங்கப்பூரிலும் பணியாற்றியவர். வயது ஐம்பதைக் கடந்தவர். அந்த முகாமில் ஆங்கிலேயர், ஆஸ்திரேலியச் செவிலியர், டச்சுக் குடும்பத்தினர், நோயுற்றோரைப் பேணிய டச்சுக் கன்னியர் எனப் பல திறத்தாரும் இருந்தனர். தண்ணீர் சுமப்பதும், விறகு வெட்டுவதும், கழிவுக்குழி அள்ளுவதும், இறந்தவரைப் புதைப்பதும் அவர்களே.

டிரைபர்க் அம்மையார் முதலிலிருந்தே சும்மா இருக்கவில்லை. முகாமுக்கென ஒரு கையெழுத்துப் பத்திரிகை நடத்தினார். பிறந்தநாள் கொண்டாடுவோர்க்கு வாழ்த்துப் பா எழுதினார். அவரே சொல்லும் இசையும் அமைத்த 'சிறைப்பட்டோர் பாடல்' 1942 ஜூலை 5, ஞாயிறன்று வழிபாட்டில் முதன்முறையாகப் பாடப்பட்டது.

1943இல் இவ்விருவரும் சேர்ந்து ஒரு புதுமை செய்தனர். இசைக்கருவி இல்லாத இடத்தில் இசைக்குழு அமைத்தனர்! எப்படி? டிரைபர்க் அம்மையார் தாம் அறிந்த மேனாட்டுப் பேரிசைகளை நினைவிலிருந்தே தாளில் எழுதினார். நோராவும் அவரும் அவற்றை நான்கு குரல்களுக்குப் பிரித்தமைத்தனர்: மேற்குரலில் இரண்டு, கீழ்க்குரலில் இரண்டு. வயலின் ஒலிக்க வேண்டிய இடத்தில் ஒரு பகுதியினர் "ஆ" என்றும் "லூ" என்றும் பாடுவர். மற்றொரு பகுதியினர் வாய்மூடி முரலுவர். சொற்களே கிடையாது. சொல் இல்லாததால் மொழிச் சண்டையும் இல்லை. ஆங்கிலம் பேசுவோரும் டச்சு பேசுவோரும் ஒரே பாட்டில் சேர முடிந்தது.

தாள் கிடைப்பதே அரிது. ஆகவே கையால் படியெடுத்துப் பயின்றனர். வேலை முடிந்து களைத்த உடலோடு, சிறுசிறு குழுவாக மறைவில் ஒத்திகை நடந்தது.

1943 டிசம்பர் 27ஆம் நாள் மாலை முதற் கச்சேரி. பாடுவோர் 30 பேர். நின்று பாட வலுவில்லாததால் சிறு முக்காலிகளில் அமர்ந்தனர். கண்களை மூடிக்கொண்டு, பெரியதோர் இசையரங்கில் இருப்பதாக எண்ணிக்கொள்ளுங்கள் என்று டிரைபர்க் அம்மையார் தொடக்கத்தில் கூறினார். முதலில் எழுந்தது துவோர்ஷாக் என்ற மேதையின் 'புதிய உலகம்' என்னும் இசைப்படைப்பின் மெதுவான பகுதி. தாய்நாட்டைப் பிரிந்து அமெரிக்காவில் இருந்தபோது அவர் இயற்றியது அது. வீட்டைப் பிரிந்தோர் நெஞ்சில் அது எப்படிப் பாய்ந்திருக்கும் என்று நாமே எண்ணிப் பார்க்கலாம். கூட்டத்தைக் கலைக்க ஓடிவந்த காவலரும் பாட்டைக் கேட்டு நின்றுவிட்டனர் என்று உடனிருந்தோர் பின்னாளில் நினைவுகூர்ந்துள்ளனர்.

கலை செய்ததும் செய்யாததும்

இத்துடன் கதையை முடித்துக்கொண்டால் இனிமையாக இருக்கும். ஆனால் நாம் உண்மையை மறைக்கக் கூடாது. பாட்டு பசியைத் தீர்க்கவில்லை, காய்ச்சலைத் தடுக்கவில்லை. 1944இன் பிற்பகுதியில் பெண்கள் வேறு முகாமுக்கு மாற்றப்பட்டனர். அங்கே நோய் பெருகியது. பாடியவருள் ஏறத்தாழப் பாதிப்பேர் இறந்தனர், எஞ்சியோர்க்குப் பாட மூச்சில்லை, கச்சேரி நின்றது. டிரைபர்க் அம்மையாரும் 1945 ஏப்ரலில், விடுதலைக்குச் சில மாதங்களே இருக்கும்போது கண்மூடினார்.

அப்படியானால் கலையால் என்ன பயன்? இங்கேதான் நாம் நின்று சிந்திக்க வேண்டும்.

முதலாவதாக, துன்பம் நம்மிடமிருந்து தேர்ந்தெடுக்கும் உரிமையைப் பறிக்கிறது. எப்போது எழுவது, எதை உண்பது, எங்கே இருப்பது என எதுவும் அந்தப் பெண்கள் கையில் இல்லை. ஆனால் இந்தப் பூவுக்குச் சிவப்பு நூலா, நீல நூலா என்பது அந்தச் சிறுமியின் கையில் இருந்தது. அத்தனை சிறிய உரிமைகூட, "நான் இன்னும் நான்தான்" என்று மனத்துக்கு நினைவூட்டுகிறது.

இரண்டாவதாக, கவலை மனத்தை நாளைக்கும் நேற்றைக்கும் இழுத்தடிக்கும். ஊசியோ இந்தத் தையலை மட்டுமே பார்க்கச் சொல்லும். பாட்டோ அடுத்த சுரத்தை மட்டுமே கேட்கச் சொல்லும். கவலை அழிந்துவிடவில்லை, ஆனால் சற்று நேரம் மனம் இளைப்பாறுகிறது. இளைப்பாறிய மனம் மீண்டும் சுமை தூக்கும்.

மூன்றாவதாக, அவர்கள் ஒருவரும் தனக்கென்று படைக்கவில்லை என்பதைக் கவனியுங்கள். சிறுமிகள் தைத்தது தலைவிக்கு. பெரியவர்கள் தைத்தது நோயாளிகளுக்கு. டிரைபர்க் அம்மையார் எழுதியது எல்லாருக்கும். தன் துன்பத்தையே நினைத்துக்கொண்டிருந்தவள், "அவளுக்குப் பிடிக்குமா?" என்று நினைக்கத் தொடங்குகிறாள். அந்த நொடியில் அவள் தனியாள் அல்லள்.

நான்காவதாக, படைத்தது நிலைத்தது. பாட்டுத் தாள்களை அந்த முகாமில் இருந்த ஒரு டச்சுப் பெண் காத்துவைத்திருந்தார். அவை 1980இல் அமெரிக்காவின் ஸ்டான்போர்டு பல்கலைக்கழகத்தைச் சென்றடைந்தன. அதன்பின் அந்த இசை மீண்டும் அரங்குகளில் ஒலிக்கத் தொடங்கியது. 1989வரை வாழ்ந்த நோரா அதைத் தம் வாழ்நாளிலேயே காண முடிந்தது. மரித்தவர்களின் குரலை வேறு குரல்கள் ஏந்திக்கொண்டன.

நாம் செய்யக்கூடியது

நமக்குச் சிறை இல்லை. ஆயினும் துன்பம் இல்லாமல் இல்லை. தேர்வில் தவறியவள் நம்மிடையே உண்டு. தாய் மருத்துவமனையில் இருக்க, அடுப்படியையும் தம்பியையும் பார்த்துக்கொண்டு பள்ளிக்கு வருபவள் உண்டு. ஊர்விட்டு ஊர் மாற்றலாகி வந்து, மதிய உணவு வேளையில் தனியாக உட்கார்ந்திருப்பவள் உண்டு. அவர்களிடம் "கவலைப்படாதே" என்று சொல்வது எளிது. சொன்னதால் எவருடைய கவலையும் போனதில்லை. "என்னோடு வந்து இந்த மாலையைக் கட்டேன்", "இந்தப் பாட்டுக்கு ஒரு குரல் குறைகிறது, வா" என்று அழைப்பது மேல்.

"எனக்குத் திறமை இல்லையே" என்று நாம் தயங்க வேண்டாம். சாங்கி சிறுமிகள் யாவரும் தையற்கலை வல்லுநர் அல்லர்; எட்டு வயதுக் குழந்தையும் அவர்களுள் இருந்தாள். நோராவின் குழுவில் பாடிய பலர் அதற்குமுன் மேடையேறாதவர்கள். திறமைக்காகக் காத்திருந்தால் அவர்கள் தொடங்கியே இருக்கமாட்டார்கள். பொருளுக்காகவும் காத்திருக்க வேண்டாம். நம் வீட்டில் தையற்காரர் தரும் வெட்டுத்துணி இருக்கிறது, பழைய நாட்காட்டியின் வழுவழுப்பான பின்பக்கம் இருக்கிறது, கோலமாவு இருக்கிறது, எல்லாவற்றுக்கும் மேலாக நம் குரல் இருக்கிறது.

பெற்றோருக்கும் ஒரு சிறு வேண்டுகோள். மகள் படிப்பு முடிந்தபின் அரைமணி நேரம் எதையாவது வரைந்துகொண்டோ தைத்துக்கொண்டோ இருந்தால், "நேரத்தை வீணாக்குகிறாளே" என்று வருந்த வேண்டாம். அவள் பின்னாளுக்கு ஒரு துணையைத் தேடிக்கொள்கிறாள். நகையைத் திருடன் கொண்டுபோகலாம். அந்தத் துணையைக் கொண்டுபோக முடியாது.

அன்புத் தோழியரே! அடுத்த முறை தையல் வகுப்பில் நூல் சிக்கினால், எரிச்சலோடு அறுத்தெறியாமல் ஒரு நொடி அந்தச் சிறுமிகளை நினைத்துக்கொள்வோம். பழந்துணியிலிருந்து ஒவ்வோர் இழையாகப் பிரித்தெடுத்த விரல்கள் அவை. பொறுமையாகச் சிக்கை அவிழ்ப்போம், ஊசியில் கோப்போம், தைத்து முடித்ததை யாருக்காவது கொடுப்போம்.