‘இடமில்லை’ மட்டும்தான் காரணமா?

அமெரிக்காவில் வழிதவறிய ஒரு நாய் அரசுக் காப்பகத்துக்குப் போனால், அதன் உயிர் நோயையும் வயதையும் மட்டும் பொறுத்ததல்ல. கூண்டில் தொங்கும் அட்டை, கணினியில் ஏற்றிய தேதி, யாரும் எடுக்காமல் விட்ட ஒரு தொலைபேசி அழைப்பு ஆகியவற்றையும் பொறுத்தது. 2019ஆம் ஆண்டில் அந்நாட்டுக் காப்பகங்களில் சுமார் 3,90,000 நாய்கள் கொல்லப்பட்டதாக ஏ.எஸ்.பி.சி.ஏ. என்ற விலங்கு நல அமைப்பு மதிப்பிட்டது. ஏன் என்று கேட்டால் ‘இடமில்லை’ என்பார்கள். நெருக்கடி உண்மைதான். ஆனால் அந்த ஒற்றைச் சொல்லுக்குப் பின்னால், நிர்வாகம் ஒழுங்காக நடந்திருந்தால் தவிர்த்திருக்கக்கூடிய சாவுகளும் ஒளிந்துகொள்கின்றன.

நம் நாட்டில் சட்டம் வேறு. 2023ஆம் ஆண்டின் விலங்குக் கருத்தடை விதிகளின்படி, தீராத நோயோ பிழைக்க வழியில்லாத காயமோ உள்ள நாயைத்தான் கருணைக்கொலை செய்யலாம். அமெரிக்காவில் அப்படியில்லை. பிடிபட்ட நாயைச் சில நாட்கள் உரிமையாளருக்காக வைத்திருப்பார்கள். அந்தக் கெடு முடிந்ததும் நாய் காப்பகத்தின் சொத்தாகிவிடும். தத்துக் கொடுக்கலாம், மீட்புக் குழுவிடம் ஒப்படைக்கலாம், ஊசியும் போடலாம்.

அதனால் கெடுவை எப்படிக் கணக்கிடுகிறார்கள் என்பதிலேயே உயிர் தொங்குகிறது. கலிபோர்னியாவில் முன்பு 72 மணி நேரம்தான் கெடு. வெள்ளிக்கிழமை இரவு வேலி தாண்டிய நாய்க்குத் திங்கள் இரவோடு அது முடிந்துவிடும். இடையில் சனி, ஞாயிறு. காப்பகம் வேலை நாட்களில் பகலில் மட்டுமே திறந்திருக்கும் ஊரில், வேலைக்குப் போகும் ஒருவர் எப்போது போய்த் தேடுவார்? 1998இல் மாநில செனட்டர் டாம் ஹேடன் கொண்டுவந்த சட்டம் இந்த இடத்தில்தான் கை வைத்தது. பிடித்த நாளைக் கணக்கில் சேர்க்காமல் ஆறு வேலை நாட்கள் வைத்திருக்க வேண்டும். வாரத்தில் ஒரு மாலை ஏழு மணி வரையோ, வார இறுதியில் ஒரு நாளோ திறந்து வைத்தால் நான்கு நாட்கள் போதும். அதாவது, மக்கள் வரக்கூடிய நேரத்தில் கதவைத் திறந்தால் சலுகை! அலுவலக நேரம் ஓர் உயிரின் விஷயம் என்று புரிந்துகொண்டு எழுதிய சட்டம் அது. பிறகு மாநில நிதி நெருக்கடி வந்தது. உள்ளாட்சிகளுக்கு இந்தச் செலவைத் திருப்பித் தருவதைத் தவிர்க்க, சட்டத்தின் சில பகுதிகளைக் கட்டாயமில்லை என்று நிறுத்தி வைத்தார்கள். வரவு செலவுத் திட்டத்தின் கத்தி வாயில்லா ஜீவன்களின் மேலும் விழுந்தது.

தோலுக்கடியில் அரிசி மணி அளவில் பொருத்தும் மைக்ரோசிப் எல்லாவற்றையும் தீர்த்துவிடும் என்று பலர் நம்புகிறார்கள். சிப்பில் இருப்பது வெறும் எண். பெயரும் தொலைபேசியும் வேறொரு பதிவேட்டில் இருக்கும். 2009இல் வெளியான ஓர் ஆய்வு, 53 காப்பகங்களுக்கு வந்த, சிப் பொருத்திய 7,704 விலங்குகளைக் கணக்கெடுத்தது. சிப் உள்ள நாய்களில் பாதிக்கு மேல் வீடு திரும்பின. பொதுவாகப் பிடிபடும் நாய்களில் அது ஐந்தில் ஒரு பங்குதான். உரிமையாளரைக் கண்டுபிடிக்க முடியாமல் போன இடங்களில் முதல் காரணம், பதிவேட்டில் இருந்த எண் தவறு அல்லது இணைப்பு துண்டிக்கப்பட்டது. அந்தத் தவறில் உரிமையாளருக்கும் பங்கு உண்டு. கருவியே தவறினால்? அமெரிக்காவில் பழைய சிப்கள் 125 கிலோஹெர்ட்ஸிலும், சர்வதேசத் தரத்திலான சிப்கள் 134.2 கிலோஹெர்ட்ஸிலும் இயங்கின. அப்போது ஒன்றைப் படித்த பல ஸ்கேனர்களால் மற்றதைக் காண முடியவில்லை. 2004இல் வர்ஜினியா மாநிலக் காப்பகம் ஒன்றில் சிப் இருந்த ஒரு நாயின் மேல் ஸ்கேனரை ஓட்டினார்கள். ஒன்றும் தெரியவில்லை. உரிமையாளர் இல்லாத நாய் என்று முடிவு செய்து கொன்றுவிட்டார்கள்.

அட்டையில் எழுதும் இனத்தின் பெயரும் நாயின் கதையை முடித்துவிடும். புளோரிடாவில் நான்கு காப்பகங்களின் ஊழியர்கள் 16 பேர் 120 நாய்களைப் பார்த்து இனம் சொன்னார்கள். அவற்றில் 62 நாய்களுக்கு ‘பிட் புல்’ என்ற முத்திரை விழுந்தது. மரபணுச் சோதனையில் அந்த வம்சம் தெரிந்தது 120இல் 25 நாய்களில் மட்டுமே. சில ஊர்களில் அந்த இனத்தை வளர்க்கவே தடை. பல வீட்டுக்காரர்கள் வாடகைக்கு வருபவர்களிடம் அந்த நாய் கூடாது என்கிறார்கள். கண்மதிப்பில் எழுதிய ஒரு சொல், தத்தெடுக்க வருபவரை அந்தக் கூண்டின் முன் நிற்கவே விடாது.

எனக்கு மிகவும் வலிப்பது, எடுத்துக்கொள்ள ஆள் இருந்தும் போன உயிர்கள். 2022இல் லாஸ் ஏஞ்சலஸ் மாவட்டத்தின் பால்ட்வின் பார்க் காப்பகத்தில் போவி என்ற குட்டியைக் கொன்றார்கள். ஒரு மீட்பு அமைப்பு அதை எடுத்துக்கொள்ள முன்வந்திருந்தது. கொல்வதற்கு 72 மணி நேரம் முன்பே பொதுமக்களுக்கு அறிவிக்க வேண்டும் என்று அந்தக் குட்டியின் பெயரால் ஒரு மசோதா வந்தது. சட்டமாகவில்லை.

வேறு வழி இல்லையா என்றால், டெக்சாஸ் மாநில ஆஸ்டின் நகரைப் பார்க்கலாம். 2010 மார்ச்சில் நகர மன்றம் ஒரு திட்டத்தை ஏற்றது. அதில் ஒரு விதி: காலிக் கூண்டு இருக்கும்போது கொல்லக் கூடாது. இப்படி ஒரு விதி தேவைப்பட்டதே நிலைமையைச் சொல்லிவிடுகிறது. காலையில் கழுவ வசதி, புதிதாக வருபவற்றுக்கு இருப்பு என்று கூண்டுகளைக் காலியாக வைத்துக்கொண்டே கொல்வது அங்கே நடைமுறையாக இருந்தது. எல்லன் ஜெஃபர்சன் என்ற கால்நடை மருத்துவர் தலைமையில் ‘ஆஸ்டின் பெட்ஸ் அலைவ்’ குழு மறுநாளைக்கான கொலைப்பட்டியலைக் கையில் வாங்கி, அதிலிருந்த நாய்களை எடுத்துப் போனது. முன்பெல்லாம் உடனே ஊசி போட்டுக் கொல்லப்பட்ட, பார்வோ வைரஸ் தாக்கிய குட்டிகளுக்குத் தனி வார்டு அமைத்தது. 2011இல் நகரம் 90 சதவீத விலங்குகளைக் காப்பாற்றியது.

2010இல் டெலாவேர் மாநிலம் இதையே சட்டமாக்கியது. கொல்லும் முன் கெடு முடிந்திருக்க வேண்டும், காலிக் கூண்டு இருக்கக் கூடாது, இன்னொரு நாயோடு கூண்டைப் பகிர முடியாதிருக்க வேண்டும், தற்காலிகமாக வளர்க்க வீடு கிடைக்காதிருக்க வேண்டும், மீட்புக் குழுக்களுக்குச் சொல்லியிருக்க வேண்டும். இத்தனைக்கும் பிறகு வேறு வழியே இல்லை என்று காப்பகத்தின் மேலாளர் சான்றளிக்க வேண்டும். இதுவரை மக்களின் கோபம் முழுவதும் ஊசி பிடித்த கடைநிலை ஊழியர் மேல்தான் விழுந்துவந்தது. பட்டியலை அவர் தயாரிப்பதில்லை. தயாரிப்பவரின் பெயர் தாளில் இருக்க வேண்டும் என்கிறது டெலாவேர்.