தொற்றுக் காலத்தில் காட்டுக்குப் போகலாமா?

டீயை எடுத்துக்கொள்ளுங்கள், நிதானமாகப் பேசுவோம். 2020 மார்ச் கடைசியில் சிட்னியில் பலருக்கும் எழுந்த சந்தேகம் இது. ஊரடங்கு வந்துவிட்டது, ஆனால் உடற்பயிற்சிக்கு வெளியே போகலாம் என்று உத்தரவே அனுமதித்தது. அப்படியானால் நகரத்துக்கு வெளியே உள்ள ப்ளூ மவுண்டன்ஸ் மலைக்காட்டில் ஒரு நாள் நடந்துவிட்டு வந்தால் என்ன?

நியாயமான கேள்விதான். கொரோனா மூடிய அறையில், காற்று தேங்கும் இடத்தில்தான் சுலபமாகப் பரவும். யூக்கலிப்டஸ் மரங்களுக்கு நடுவே எதிரே வருபவரைக் கடக்கும் இரண்டு நொடியில் தொற்றுவது மிக அரிது. காட்டைப் பார்த்துப் பயப்பட வேண்டியதில்லை. நான்கு வீட்டுக்காரர்கள் ஒரே காரில் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு இரண்டு மணி நேரம் போகிறார்களே, பயம் அங்கேதான். போகிற வழியில் மலை ஊர்களின் பேக்கரி, பெட்ரோல் பங்க், கழிப்பறை வேறு.

அதைவிடப் பெரிய விஷயம், கால் தவறினால் என்ன ஆகும் என்பது. ப்ளூ மவுண்டன்ஸில் உள்ள குரோஸ் பள்ளத்தாக்கை எடுத்துக்கொள்வோம். பெர்ரிஸ் லுக்டவுன் என்ற இடத்திலிருந்து கீழே ப்ளூ கம் காட்டுக்குச் சுமார் 600 மீட்டர் செங்குத்து இறக்கம். அங்கே கணுக்கால் பிசகினால் போனில் சிக்னல் கிடைப்பது சந்தேகம். கையில் அவசர பீக்கன் இருந்தால் அழுத்தலாம். செயற்கைக்கோள் வழியாகச் செய்தி கான்பெராவில் உள்ள மீட்பு மையத்துக்குப் போய், அங்கிருந்து மீட்புக் குழுவுக்கு வரும். மேகம் விட்டால் ஹெலிகாப்டர். விடாவிட்டால் ஸ்ட்ரெச்சர்தான். ஆறு பேர் தூக்க வேண்டும், கை மாற்ற இன்னும் ஆறு பேர் வேண்டும். ஒற்றையடிப் பாதையில் தோளோடு தோள் உரச, மூச்சு வாங்க, மணிக்கணக்கில் ஏற வேண்டும். ஒன்றரை மீட்டர் இடைவெளியை அங்கே யார் கடைப்பிடிக்க முடியும்?

தூக்குபவர்களில் பலர் சம்பளம் வாங்காத தன்னார்வலர்கள். அந்த ஊரடங்குக்கு முந்தைய கோடையில்தான் உலகப் பாரம்பரியக் களமான ப்ளூ மவுண்டன்ஸ் காட்டில் பெரும்பகுதி எரிந்திருந்தது. மாதக்கணக்கில் தீயோடு போராடியவர்களிலும் அந்த மலை ஊர்த் தன்னார்வலர்கள் ஏராளம். களைத்துப்போன அவர்களை, நம் ஞாயிற்றுக்கிழமை ஆசைக்காகத் தொற்று அபாயத்தில் இறக்குவது எனக்குச் சரியாகப் படவில்லை.

அதற்காக வீட்டிலேயே முடங்கச் சொல்லவில்லை. நடை மனதுக்கு மருந்து, பூட்டிய நாட்களில் இன்னும் அதிகமாக. உதாரணமாக, மெல்போர்னில் 2020 ஆகஸ்டில் வீட்டிலிருந்து 5 கிலோமீட்டருக்குள், நாளுக்கு ஒரு மணி நேரம்தான் உடற்பயிற்சி என்று விதித்தார்கள். மெர்ரி ஓடை போன்ற அந்த நகரத்து ஓடைக்கரைகளில் அந்த ஒரு மணி நேரத்தையும் நிறைவாக நடக்க முடிந்தது. சிட்னிக்குள்ளேயே லேன் கோவ் தேசியப் பூங்கா இருக்கிறது.

ஆகவே இப்படியொரு தொற்றுக் காலத்துக்கு என் பதில் இதுதான். விதி அனுமதிக்கும் தூரத்துக்குள், உங்கள் வீட்டாரோடு மட்டும், பழகிய சுலபமான பாதையில் போங்கள். பள்ளத்தாக்கு, பாறையேற்றம், கூடாரம் போட்டு இரவு தங்குவது எல்லாம் தொற்று தணிந்த பிறகு. காய்ச்சலோ தொண்டைக் கரகரப்போ இருந்தால் வாசலைத் தாண்டாதீர்கள். எந்தப் பாதை, எத்தனை மணிக்குத் திரும்புவீர்கள் என்பதை நம்பகமான ஒருவரிடம் எழுதிக் கொடுத்துவிட்டே புறப்படுங்கள்.