பாதையைப் பார்த்து ஃபோர்க் வாங்குங்கள்

வெள்ளறடையில் சைக்கிளை எடுக்கிறவருக்கு ஒரே நாளில் மூன்று வகைச் சாலைகள் வாய்க்கும். பாறசாலைப் பக்கம் இறங்கினால் 66-ஆம் எண் தேசிய நெடுஞ்சாலை. களியக்காவிளை, மார்த்தாண்டம், நாகர்கோவில் வழியாகக் கன்னியாகுமரிக்கே போய்விடலாம். பனச்சமூட்டில் மாநில எல்லையைத் தாண்டினால் அருமனை, பத்துகாணி என்று ரப்பர் தோட்டங்களுக்கு நடுவே ஏறி இறங்கும் குறுகலான தார்ச்சாலைகள், அவற்றிலிருந்து பிரியும் செம்மண் தடங்கள். வடக்கே மலையோர நெடுஞ்சாலையைப் பிடித்தால் குடப்பனமூடு, கள்ளிக்காடு, ஆரியநாடு, விதுரை; அதற்கும் மேலே பொன்முடி.

இந்தச் சாலைகளில் ஆசையோடு சைக்கிள் ஓட்டத் தொடங்கும் இளைஞர்கள் கொஞ்ச நாளிலேயே கேட்கும் கேள்வி, 'கார்பன் ஃபோர்க் போடலாமா?' என்பது. தாராளமாகப் போடலாம். ஆனால் எது எடை குறைவு என்று பார்த்து வாங்கினால் பணம் வீண். எந்தப் பாதையில் ஓட்டப்போகிறோம் என்று பார்த்துத்தான் வாங்க வேண்டும்.

ராக்கெட்டுக்கும் சைக்கிளுக்கும் ஒரே பொருள்

முன்சக்கரத்தை இருபுறமும் பிடித்திருக்கும் இரண்டு கால்கள், அவை ஒன்றுசேரும் தோள், அங்கிருந்து சைக்கிளின் கழுத்துக்குள் ஏறி ஹேண்டில்பாரைத் தாங்கும் ஸ்டீரர் குழாய் எல்லாம் சேர்ந்ததுதான் ஃபோர்க். சாலையின் அடி, பிரேக்கின் இழுப்பு, ஓட்டுபவரின் கைப்பாரம் மூன்றும் அங்கேதான் வந்து இறங்குகின்றன.

அம்பத்தூரில் 1949-ல் தொடங்கப்பட்ட டி.ஐ. சைக்கிள்ஸ் நமக்குக் கொடுத்த ஹெர்குலிஸ், பி.எஸ்.ஏ. வண்டிகளில் இருப்பது உருக்கு ஃபோர்க். உருக்கு ஃபோர்க் ஏறக்குறைய ஒரு கிலோ வரும். அலுமினியத்தில் 600, 700 கிராம். கார்பனிலோ, ரோடு சைக்கிளுக்கான ஃபோர்க் 350 முதல் 450 கிராமுக்குள் முடிந்துவிடும்.

கார்பன் இழைகளைப் பிசினில் தோய்த்து, அடுக்கடுக்காக அச்சில் வைத்து, சூடும் அழுத்தமும் கொடுத்து இறுகச் செய்கிறார்கள். திருவனந்தபுரம் வட்டியூர்க்காவில், விக்ரம் சாராபாய் விண்வெளி மையத்தின் பிரிவு ராக்கெட் பாகங்களைச் செய்வதும் இத்தகைய பொருளில்தான். ஐதராபாத் மருத்துவமனையில் மூன்று கிலோ எடையுள்ள காலிப்பர் என்ற கால்தாங்கியை இழுத்து நடந்த குழந்தைகளுக்கு, ஏவுகணைக்காக உருவான கார்பன் பொருளில் 300 கிராம் காலிப்பர் செய்து தந்ததை அப்துல் கலாம் மேடைதோறும் சொல்வார். அந்தப் பொருளும் இதற்கு நெருங்கிய உறவுதான்.

இதன் குணம் மூங்கிலைப் போன்றது. இழை ஓடும் திசையில் அபாரமான பலம். குறுக்கே கூர்மையான அடி விழுந்தால் பிளவு. ஆகவே, இழைகளை எந்தக் கோணத்தில் எத்தனை அடுக்கு வைத்தார்கள் என்பதுதான் ஃபோர்க்கின் தரத்தைத் தீர்மானிக்கிறது. பக்கவாட்டில் விறைப்பாகவும், முன்பின்னாகச் சற்று வளைந்து கொடுக்கும்படியும் அடுக்க முடியும். கையில் ஏறும் அதிர்வு குறைவதற்கு அதுவே காரணம்.

நெடுஞ்சாலையும் நீண்ட தூரமும்

நெடுஞ்சாலையில் வேகமாகப் போகிறவர்களுக்கும், பிரெவே எனப்படும் நெடுந்தூர ஓட்டங்களில் கலந்துகொள்கிறவர்களுக்கும் ரோடு ஃபோர்க் போதும். 200 கிலோமீட்டரை பதின்மூன்றரை மணி நேரத்திலும், 600 கிலோமீட்டரை 40 மணி நேரத்திலும் முடிக்க வேண்டிய ஓட்டங்கள் அவை. எட்டாவது மணி நேரத்தில் உள்ளங்கை மரத்துப்போகும்போது நல்ல கார்பன் ஃபோர்க்கின் அருமை தெரியும்.

இங்கே கவனிக்க வேண்டியது டயர் இடைவெளி. பழைய ரிம் பிரேக் ஃபோர்க்குகளில் 25 அல்லது 28 மி.மீ. டயருக்குமேல் நுழையாது. டிஸ்க் பிரேக்குக்காக வரும் புதிய ஃபோர்க்குகளில் 32 மி.மீ. வரை தாராளமாகப் போகும். நம் சாலைகளுக்கு 28-க்குக் குறைந்த டயர் வேண்டாம். அதிர்வைக் குறைப்பதில் டயரின் அகலமும் காற்றழுத்தமும் ஃபோர்க்கைவிட அதிகம் உதவும். முதலில் டயரை முடிவு செய்யுங்கள்; அந்த டயரை ஏற்கும் ஃபோர்க்கைப் பிறகு தேடுங்கள்.

ரப்பர் தோட்டத்து வழிகள்

இந்த வட்டாரத்துக்கு உண்மையில் பொருந்துவது, செம்மண், சரளைப் பாதைகளுக்கான கிராவல் ஃபோர்க். கால்கள் சற்று நீளம்; 40 முதல் 50 மி.மீ. டயர் நுழையும், எடை 450 முதல் 550 கிராம் வரை. ரோடு ஃபோர்க்கைவிட நூறு கிராம் கூடுகிறதே என்று தயங்க வேண்டாம். அந்த நூறு கிராமில்தான் பள்ளத்தைத் தாங்கும் கூடுதல் அடுக்குகள் இருக்கின்றன.

இடவப்பாதி மழை ஒருமுறை, துலாமழை ஒருமுறை என்று வருடத்தில் இரண்டு பருவமழையும் பெய்யும் மண் இது. நனைந்த செம்மண் டயரில் அப்பி, அதோடு சரளைப்பொடியும் ரப்பர் சருகும் சேர்ந்து ஃபோர்க்கின் தோளுக்கு அடியில் அடைத்துக்கொள்ளும். சக்கரம் சுழலச் சுழல அந்த மண் உப்புத்தாள் மாதிரி வேலை செய்து, முதலில் பெயின்டையும் பிறகு இழையையும் அரித்துவிடும். டயருக்கும் ஃபோர்க்குக்கும் நடுவே எல்லாப் பக்கமும் குறைந்தது 6 மி.மீ. வெளி இருக்க வேண்டும். மழை நாளில் ஓட்டி வந்தால் சக்கரத்தைக் கழற்றி, உட்புறத்தைக் கழுவித் துடைத்து, வெளிச்சத்தில் பாருங்கள். கார்பன் துருப்பிடிக்காது, ஆனால் அதன் தோளில் உட்கார்ந்திருக்கும் பேரிங் துருப்பிடிக்கும். மழைக்காலம் முடிந்ததும் அதைத் திறந்து கிரீஸ் வைப்பது அவசியம்.

மட்கார்டு, பை மாட்டத் திருகுத்துளைகள் இருக்கின்றனவா என்றும் பாருங்கள். துளை இல்லாத கார்பன் காலில் கிளாம்ப் போட்டு இறுக்கக் கூடாது. ஏத்தன் குலையும் ரப்பர் ஷீட்டும் ஏற்றிச் சந்தைக்குப் போகிற வண்டிக்கு உருக்கு ஃபோர்க்தான் சரி. அங்கே கார்பனுக்கு வேலை இல்லை.

பொன்முடிக்கு எது?

2023 அக்டோபர் 26 முதல் 29 வரை ஆசிய மவுன்டன் பைக் சாம்பியன்ஷிப் நடந்தது நமக்குப் பக்கத்திலுள்ள பொன்முடியில். இருபத்திரண்டு கொண்டையூசி வளைவுகளைக் கடந்து ஏறும் அந்த மலையில், கிராஸ் கன்ட்ரி போன்ற போட்டித் தடங்களுக்கு உரியது 100, 120 மி.மீ. அழுந்தி எழும் சஸ்பென்ஷன் ஃபோர்க். அதன் எடை ஒன்றரைக் கிலோவை ஒட்டி இருக்கும். வேரும் பாறையும் நிறைந்த இறக்கத்தில் அந்த எடை தேவை. கார்பன் அதற்கு மாற்றாகாது. பொன்முடிக்குத் தார்ச்சாலை வழியாக ஏறி இறங்க மட்டும் போகிறீர்களென்றால், ரோடு ஃபோர்க்கோ கிராவல் ஃபோர்க்கோ, டிஸ்க் பிரேக்கோடு இருப்பதே நல்லது.

இன்னொரு வகையும் உண்டு: டிராக் ஃபோர்க். 2015 தேசிய விளையாட்டுப் போட்டியில் டிராக் சைக்கிள் பந்தயங்கள் நடந்தது காரியவட்டத்திலுள்ள வெலோட்ரோம் என்ற பந்தயத் தடத்தில். டிராக் வண்டியின் ஃபோர்க்கில் பிரேக் மாட்டும் இடமே இருக்காது. அதைச் சாலைக்குக் கொண்டுவராதீர்கள்.

அளவு பொருந்த வேண்டும்

பலரிடம் இருப்பது முன்னால் சஸ்பென்ஷன் வைத்த ஹைபிரிட் சைக்கிள். இரண்டு கிலோவுக்கு மேல் எடையுள்ள அந்த ஃபோர்க்கை எடுத்துவிட்டுக் கார்பன் போட்டால் வண்டி பறக்கும் என்று நினைக்கிறார்கள். ஆனால் வாங்குமுன் நான்கு அளவுகள் தெரிய வேண்டும்.

ஒன்று, அச்சிலிருந்து தோள் வரையிலான நீளம். ரோடு ஃபோர்க்கில் இது சுமார் 370 மி.மீ., கிராவலில் 385 முதல் 400, சஸ்பென்ஷனுக்கு ஈடாக வரும் 29 அங்குல மவுன்டன் ஃபோர்க்கில் 470-க்கு மேல். 20 மி.மீ. மாறினால் கழுத்துக்கோணம் ஏறத்தாழ ஒரு டிகிரி மாறும். திருப்பத்தில் வண்டி சொன்னபடி கேட்காது. இரண்டு, ஸ்டீரர். பழைய வண்டிகளில் மேலும் கீழும் ஒரே பருமன், ஒன்றேகால் அங்குலத்துக்கும் சற்றுக் குறைவு. புதிய கார்பன் ஃபோர்க்குகளில் பெரும்பாலும் கீழே ஒன்றரை அங்குலமாக விரியும். மூன்று, அச்சு. 9 மி.மீ. குயிக் ரிலீஸ் ஹப் வைத்த சக்கரம், 12 மி.மீ. த்ரூ ஆக்ஸில் ஃபோர்க்கில் ஏறாது. நான்கு, டிஸ்க் காலிபர் உட்காரும் விதம். ஃப்ளாட் மவுன்ட், போஸ்ட் மவுன்ட் இரண்டும் வேறு வேறு.

இவற்றில் ஒன்று பிசகினாலும் ஃபோர்க் விலையோடு சக்கரம், பிரேக் விலையும் சேர்ந்துகொள்ளும். விலை மலிவு என்பதற்காகப் பெயர் தெரியாத ஃபோர்க்கை இணையத்தில் வாங்காதீர்கள். சைக்கிள் பாதுகாப்புக்கான ஐ.எஸ்.ஓ. 4210 சோதனை, அனுமதித்த எடை, அதிகபட்ச டயர் அளவு மூன்றையும் எழுத்தில் தருகிற நிறுவனத்தின் பொருளை வாங்குங்கள்.

மாட்டும்போதும் விழுந்த பிறகும்

ஸ்டீரரை இரும்பு அறுக்கும் வாள் கொண்டு அவசரமாக அறுத்தால் இழை சிம்பு சிம்பாகப் பிரியும். நுண்பல் வாள், ஈரத்துணி, முகக்கவசம் வேண்டும். உள்ளே சுத்தியலால் இறக்கும் நட்சத்திர நட் கூடவே கூடாது. விரிந்து பிடிக்கும் எக்ஸ்பாண்டர் பிளக்தான் போட வேண்டும். ஹேண்டில்பாரை ஸ்டீரரோடு இணைக்கும் ஸ்டெம்மின் போல்ட்டை டார்க் ரெஞ்ச்சால், அதில் அச்சிட்ட அளவுக்கே, பெரும்பாலும் 5 நியூட்டன் மீட்டருக்கே, இறுக்க வேண்டும். மெக்கானிக்கிடம் டார்க் ரெஞ்ச் இல்லையென்றால் அந்த வேலையை அங்கே கொடுக்காதீர்கள். ஸ்டீரர் பெரிய நிறுவனங்களுக்கும் சவாலான இடம். ஹெட்செட் கம்ப்ரஷன் ரிங்கால் ஸ்டீரரில் விரிசல் வரலாம் என்று 2021-ல் ஸ்பெஷலைஸ்டு நிறுவனம் தன் டார்மாக் எஸ்.எல்.7 சைக்கிள்களைத் திரும்ப அழைத்தது.

2006 பாரிஸ்-ரூபே பந்தயத்தில் ஜார்ஜ் ஹின்காப்பி என்ற வீரரின் ஸ்டீரர் முறிந்து, ஹேண்டில்பார் கையோடு வந்துவிட்டது. அது கார்பன் அல்ல, அலுமினியம். அதே பந்தயத்தில் அவர் முன்பே ஒருமுறை விழுந்திருந்தார். விழுந்த ஃபோர்க் எந்தப் பொருளானாலும் சந்தேகத்துக்குரியதுதான். உருக்கு வளைந்து காட்டும். கார்பன் சொல்லாமல் முறியும்.

விழுந்தால் ஃபோர்க்கைக் கழற்றுங்கள். தோளுக்கு அடியில் பேரிங் அமரும் இடத்தை விரல்நகத்தால் சுற்றி வருடுங்கள். ஒரு நாணயத்தால் கால் நெடுகத் தட்டுங்கள். கணீரென்ற ஒலி ஓரிடத்தில் மந்தமானால் உள்ளே அடுக்கு பிரிந்திருக்கலாம். சந்தேகம் வந்தால் மாற்றிவிடுங்கள்.

என் தீர்ப்பு இது: வெள்ளறடை, நெய்யாற்றின்கரை, விளவங்கோடு வட்டாரத்தில் ஒரே ஒரு சைக்கிள் வைத்து எல்லா வழியிலும் ஓட்டுகிறவருக்கு, 40 மி.மீ. டயர் ஏற்கும் டிஸ்க் பிரேக் கிராவல் ஃபோர்க்தான் ஏற்றது. அதற்குப் பணம் போதவில்லையென்றால் நல்ல உருக்கு ஃபோர்க்கோடு அகலமான டயர் போட்டு ஓட்டுங்கள். மலிவான கார்பனுக்கு மட்டும் ஆசைப்படாதீர்கள்.