உள்நுழைவும் அதன் பின் நிகழ்வனவும்

கொச்சி மட்டாஞ்சேரியில், 1568ஆம் ஆண்டில் எழுந்த பரதேசி யூதர் தொழுகைக்கூடத்தை அடுத்த பகுதிக்கு ஜூ டவுன் என்று பெயர். நறுமணப் பொருள் வாணிபத்தில் பேர்பெற்ற இவ்விடத்தில் இயங்கிய இந்திய மிளகு, நறுமணப் பொருள் வாணிபச் சங்கம், மிளகின் முன்பேர வாணிபத்தை 1957இல் தொடங்கிற்று. ஆதியில் உறுப்பினர் கூடத்தில் நின்று உரத்த குரலில் விலை கூறினர். பிற்காலத்தில் அவ்வாணிபம் கணிப்பொறித் திரைக்கு மாறியது. கூடத்தில் ஒருவரையொருவர் முகம் பார்த்து அறிவர். திரையோ முகம் அறியாது. ஆகவே வருபவர் யார் என்று உறுதிசெய்வதும், அதன்பின் அவரை எங்கே அனுப்புவது என்று தீர்மானிப்பதும் நிரலின் பொறுப்பாகின்றன. இவை இரண்டும் வெவ்வேறு பணிகள் என்பதை மறந்தால் விளையும் தீங்கு பெரிது.

உறுதிசெய்யும் முறை

ஜாவா மொழியில் இணையச் செயலி அமைப்போர் பலர் ஸ்பிரிங் செக்யூரிட்டி என்னும் சட்டகத்தைக் கையாளுகின்றனர். 2003இல் அசீஜி என்ற பெயரில் தொடங்கிய இம்முயற்சி 2008இல் இப்பெயருடன் வெளிவந்தது. பயனர் தம் பெயரையும் கடவுச்சொல்லையும் அனுப்பியவுடன் ஒரு வடிகட்டி அவற்றை ஏற்கிறது. சேமிப்பில் கடவுச்சொல் அப்படியே இருப்பதில்லை. பீகிரிப்ட் போன்றதொரு முறையால் உருமாற்றப்பட்ட வடிவமே இருக்கும். வந்த சொல்லையும் அவ்வாறே உருமாற்றி, இரண்டும் ஒத்துள்ளனவா என்று சட்டகம் பார்க்கிறது.

ஒத்திருப்பின், அமர்வு எண்ணைப் புதியதாக மாற்றுகிறது. பழைய எண்ணை முன்கூட்டியே அறிந்த வஞ்சகர் எவரும் அதைக்கொண்டு உள்ளே புகாதிருத்தற்கே இவ்வேற்பாடு. பிறகு வெற்றிக் கையாளி என்னும் பகுதி அழைக்கப்படுகிறது. ஒவ்வாவிடில் தோல்விக் கையாளி அழைக்கப்படும். நம் தேவைக்கேற்ற செயல்களைச் சேர்க்கவேண்டிய இடங்கள் இவ்விரண்டே. உறுதிசெய்யும் பகுதியில் கைவைத்தல் ஆகாது.

செயல்களைச் சேர்த்தல்

எழுத்தரைப் பதிவுப் பக்கத்திற்கும், தணிக்கையாளரைக் கணக்குப் பக்கத்திற்கும் அனுப்ப விரும்புகிறோம் என்று கொள்வோம். இதற்கு வெற்றிக் கையாளியை முற்றிலும் புதிதாக எழுதுவது எளிதாகத் தோன்றும். ஆனால் அதில் ஓர் இழப்பு உண்டு. ஓர் அலுவலர் குறிப்பிட்ட அறிக்கையைத் திறக்க முயல்கையில் உள்நுழைவுப் பக்கம் குறுக்கிட்டால், சட்டகத்தின் இயல்பான கையாளி அவரை மீண்டும் அவ்வறிக்கைக்கே கொண்டுசெல்லும். புதியது அதனைச் செய்யாது. ஆதலின், இயல்பான கையாளியிலிருந்தே நம் கையாளியை வருவித்து, குறிப்பிட்ட பக்கம் எதையும் நாடாது வந்தவருக்கு மட்டும் பதவிக்கேற்ற பக்கத்தைக் காட்டுவதே தக்கது.

நான்கு எச்சரிக்கைகள்

முதலாவது, உரிய பக்கத்திற்கு அனுப்புவது காவல் ஆகாது. முகவரியை நேரே தட்டச்சுச் செய்து எவரும் வேறு பக்கத்தை நாடலாம். எனவே அனுமதியை ஒவ்வொரு வேண்டுகோளிலும் சோதித்தல் வேண்டும்.

இரண்டாவது, கடைசியாக நுழைந்த நேரத்தைக் குறிக்கும் பதிவேடு பழுதுற்றால், உறுதிசெய்யப்பட்ட பயனருக்கும் பிழைப் பக்கமே தோன்றக்கூடும். அத்தகைய துணைப்பணியின் பிழையை அங்கேயே தடுத்துவிட வேண்டும்.

மூன்றாவது, செல்லவேண்டிய முகவரியை வேண்டுகோளிலிருந்து பெறுவதாயின், அது நம் தளத்தைச் சேர்ந்ததா என்று பார்த்தல் அவசியம். இல்லையேல் பயனரைப் போலித் தளத்திற்கு நாமே வழியனுப்பியவராவோம்.

நான்காவது, ‘இப்பெயரில் எவரும் இல்லை’ என்று அறிவித்தல் கூடாது. எப்பெயர்கள் உள்ளன என்பதை அது புறத்தார்க்குக் காட்டிக்கொடுக்கும். சட்டகம் இயல்பாகவே இதை மறைக்கிறது. பெயர் இல்லாதபோதும் உருமாற்றக் கணக்கைச் செய்து, நேர வேறுபாட்டால் உண்மை வெளிப்படாமலும் காக்கிறது. நாம் எழுதும் ஒரு வரி அக்காப்பை வீணாக்கிவிடலாம். கடவுச்சொல்லைக் குறிப்பேட்டில் பதிதலும் அறவே கூடாது.

சோதனை

ஏற்பாடு முடிந்தபின் சரியான சொல், தவறான சொல், இல்லாத பெயர், உட்பக்கத்தின் நேர்முகவரி ஆகிய நான்கையும் கொண்டு சோதித்தறிக. இரண்டாவதற்கும் மூன்றாவதற்கும் கிடைக்கும் செய்தி ஒன்றாகவே இருத்தல் வேண்டும். நான்காவதில், உள்நுழைந்தபின் கேட்ட பக்கமே வருதல் வேண்டும். அதனைக் காண உரிமையில்லாதவருக்கு மறுப்பே கிட்ட வேண்டும். ஆசிரியர்கள் இச்சோதனையை மாணவர்களைக் கொண்டே செய்வித்தால், ஒருவரை அறிதல் வேறு, அவருக்கு அனுமதி அளித்தல் வேறு என்பது அவர்கள் மனத்தில் நன்கு பதியும்.