குறிப்பேட்டில் இயங்கும் நிரல்களும் அவற்றின் பிழை காணும் நெறியும்

தமிழ் பயில்வார்க்கும் கணினிக்கும் யாது தொடர்பு என வினவுவார் இன்றும் உளர். ஏடும் எழுத்தாணியும் நீங்கித் தாளும் பேனாவும் வந்த காலத்தும் இத்தகைய வினா எழுந்திருத்தல் கூடும். ஒரு சொல் ஒரு நூலில் எத்துணை இடங்களில் வருகின்றது, எவ்வடிவில் வருகின்றது என ஆராய்தல் மொழியாராய்ச்சியின் அடிப்படைப் பணிகளுள் ஒன்று. அதனைக் கையாற் செய்வார்க்குக் கூர்த்த கண்ணும் பொறுமையும் வேண்டும். கணினியாற் செய்வார்க்கோ அவ்விரண்டனோடு ஐயமும் வேண்டும். இவ்வுண்மையை யாம் சற்றே வெட்கத்தோடு கற்றுக்கொண்ட வரலாற்றையும், அதன் வாயிலாகப் பெற்ற சில முறைகளையும் ஈண்டு உரைக்கப் புகுகின்றோம்.

எம் வகுப்பினர் சிலர் கூடித் திருச்சிராப்பள்ளியைக் குறித்த பழைய உரைநடைப் பகுதிகள் சிலவற்றைக் கணினியிற் படியெடுத்தோம். காவிரிக்கும் கொள்ளிடத்துக்கும் இடைப்பட்ட அரங்கத்தை அவ்வாசிரியர்கள் 'ஸ்ரீரங்கம்' என மிகுதியும் வழங்கினரா, 'திருவரங்கம்' என மிகுதியும் வழங்கினரா என்பதே எம் ஆராய்ச்சிப் பொருள். முடிவைத் தமிழ் மன்றத்திற் படிப்பதாக ஒப்புக்கொண்டிருந்தோம். எண்ணும் பணியைக் குறிப்பேட்டின் உள்ளேயே இயங்கும் ஒரு சிறு நிரலிடம் ஒப்படைத்தோம்.

அக்குறிப்பேடு யாது என்பதை முதற்கண் விளக்குதும். 'ஈமாக்ஸ்' என்னும் எழுத்துத் தொகுப்பானில் 'ஆர்க் மோடு' என்றொரு பகுதி உளது. அதனை 2003-ஆம் ஆண்டிற் படைத்தவர் கார்ஸ்டன் டொமினிக் என்னும் வானியலறிஞர். அதில் எழுதுவன எல்லாம் வெறும் எழுத்துக் கோப்புகளே. எக்கணினியிலும் எந்நாளும் திறந்து படிக்கலாம். உடுக்குறி இட்டால் தலைப்பு. நெடுங்கோடு இட்டால் அட்டவணை. தொடக்கக் குறிக்கும் முடிவுக் குறிக்கும் இடையே ஒரு நிரலை எழுதினால், அந்நிரலை அவ்விடத்திலேயே இயக்கி, விடையை அதன் கீழேயே பெறலாம். இவ்வியக்கும் பகுதிக்குப் 'பாபெல்' என்று பெயர். எரிக் ஷுல்ட், டான் டேவிசன் என்போர் ஆக்கிய இப்பகுதி 2010-ஆம் ஆண்டில் ஆர்க் மோடின் ஏழாம் பதிப்போடு இணைந்தது. பல கணினி மொழிகள் ஒரே கோப்பிற் கூடி உறைதலின் அப்பெயர் பெற்றது போலும். விவிலியத்துப் பாபேலில் மொழிகள் பிரிந்ததனால் வேலை நின்றது. இப்பாபெலிலோ அவை ஒன்றன் விடையை மற்றொன்று கைக்கொண்டு வேலை செய்கின்றன. ஆயினும் குழப்பம் முற்றும் ஒழிந்ததில்லை என்பது இக்கட்டுரையாற் புலனாகும்.

நிரலில் நேரும் கோளாறுகளை, வாய்விட்டுக் கூவுவன, வாளா இருப்பன என இருவகையாகப் பகுக்கலாம். கூவுவனவற்றை முதலிற் காண்போம்.

நிரலின்மீது கர்சரை நிறுத்திக் கண்ட்ரோல் விசையோடு 'சி' என்னும் எழுத்தை இருமுறை அழுத்துதலே நிரலை இயக்கும் கட்டளை. அழுத்திய அளவில், இம்மொழியை இயக்கும் செயற்கூறு இல்லை என்னும் செய்தி தோன்றினால் நிரலைத் திருத்தப் புகுதல் வீண். ஈமாக்ஸின் தாய்மொழியாகிய லிஸ்ப் ஒன்றே இயல்பாக இயங்கும். பைத்தான் முதலிய பிறமொழிகளை அமைப்புக் கோப்பிற் பெயர் சொல்லி அழைத்தல் வேண்டும். அழைத்த பின்னரும் அதே செய்தி வருமாயின், நிரலின் தலைவரியில் மொழியின் பெயர் பிழைபட எழுதப்பட்டுளதா என நோக்குக.

மொழி தெரிந்தும் அதனை இயக்கும் மென்பொருள் கிட்டவில்லை என்பது அடுத்த கோளாறு. ஈமாக்ஸைத் திரையிலுள்ள சின்னத்தைத் தொட்டுத் திறக்கும்போது, கட்டளைச் சாளரம் அறிந்த வழிகள் எல்லாம் அதற்குத் தெரியாமற் போதல் உண்டு. சில கணினிகளிற் பைத்தான் தன் பெயரோடு 3 என்னும் எண்ணையும் சேர்த்தே நிற்கும். இவ்விரண்டையும் சரிபார்த்த பின்னரே வேறு காரணம் தேடல் தக்கது.

மூன்றாவது, விடை வரவேண்டிய இடத்தில் 'நன்' என்னும் வெறுஞ்சொல் வருதல். புதியோர் பலரும் மயங்கும் இடம் இதுவே. பாபெல் விடையைப் பெறும் வழி இரண்டு. ஒன்று, நிரல் இறுதியில் ஒப்படைக்கும் மதிப்பைப் பெறுதல். மற்றொன்று, நிரல் அச்சிட்டவற்றை எல்லாம் திரட்டிப் பெறுதல். முதலது இயல்பானது. அம்முறையிற் பைத்தான் நிரல் ஒரு செயற்கூறாகக் கட்டப்படுதலின், 'ரிடர்ன்' என்னும் சொல்லால் விடையை ஒப்படைத்தல் வேண்டும். 'பிரிண்ட்' என்று மட்டும் எழுதிவிட்டு விடையை எதிர்நோக்குவோன், கடிதத்தை எழுதி மேசைமேல் வைத்துவிட்டு மறுமொழிக்குக் காத்திருப்பவனை ஒப்பான். அச்சிட்டதே வேண்டுமெனின், தலைவரியில் வெளியீட்டு முறையைக் கேட்டு எழுதுக.

நான்காவது, நினைவின் பிழை. 'செஷன்' என்னும் அமைப்பில் ஒரு நிரல் வைத்த பெயரையும் மதிப்பையும் அடுத்த நிரல் அறியும். நன்மையே, ஆயினும் நேற்று வைத்து இன்று அழித்த வரியின் மதிப்பும் அந்நினைவில் எஞ்சியிருக்கும். நிரலில் இல்லாத ஒன்றால் நிரல் இயங்குவதாயின், செஷனை மூடிப் புதிதாகத் திறந்து, மேலிருந்து கீழாக முறையே இயக்கிப் பார்த்தல் வேண்டும். நிரலின் கீழ்க் காணும் விடையும் பழையதாயிருக்கலாம்; நிரலைத் திருத்திய அளவில் விடை தானே திருந்துவதில்லை.

இயக்குமுன் ஒவ்வொருமுறையும் 'இயக்கலாமா?' என ஈமாக்ஸ் வினவும். அதனைத் தொல்லை எனக் கருதி நிறுத்திவிடுவார் பலர். பிறர் அனுப்பிய குறிப்பேட்டில் கோப்புகளை அழிக்கும் கட்டளையும் மறைந்திருத்தல் கூடும். ஆதலின் அவ்வினா தொல்லையன்று, காவல் என்க.

இனி, வாளா இருக்கும் பிழைக்கு வருவோம்.

யாம் இலக்கணம் பயில்வோம் ஆதலின், மகர ஈற்றுப் பெயர் வேற்றுமை ஏற்கும்போது மகரம் கெட்டு அத்துச் சாரியை பெறும் என்பதை மறந்திலோம். 'ஸ்ரீரங்கம்' என்று மட்டும் தேடினால் 'ஸ்ரீரங்கத்தில்', 'ஸ்ரீரங்கத்துக்கு' என்பன அகப்படா. 'ஸ்ரீரங்க' என்னும் அளவிற் தேடினாலோ ஸ்ரீரங்கநாதரும் ஸ்ரீரங்கப்பட்டணமும் வந்து புகும். ஆகவே இறுதியில் மகரம் வருவதையும் தகரம் வருவதையும் தனித்தனியே தேடுமாறு நிரல் அமைத்தோம். ஊரின் மற்றொரு பெயர்க்கும் அவ்வாறே செய்தோம். நிரல் ஒரு குறையும் கூறாது இயங்கியது. ஸ்ரீரங்கம் 19, திருவரங்கம் 24 என விடை வந்தது. தமிழ்ப்பெயரே மிக்கு வழங்கியது என்று மகிழ்ந்து, அம்முடிவின்மேற் கட்டுரையும் எழுதி முடித்தோம்.

மன்றத்திற் படிக்க இரண்டு நாள் இருக்கையிற் தோழர் ஒருவர் மேற்கோள்களைச் சரிபார்த்தார். ஒரு பக்கத்தில் ஸ்ரீரங்கம் என்னும் பெயர் நான்கு முறை வருதலைக் கண்டார். அப்பக்கத்துக்கு நிரல் தந்த எண்ணோ இரண்டு. கண் பொய்த்ததா, கணினி பொய்த்ததா?

இத்தகைய இடத்து முழுக் கோப்பையும் வைத்துக்கொண்டு போராடுதல் கூடாது. பிழை நிற்கும் மிகச்சிறிய பகுதியைப் பிரித்தெடுத்தல் வேண்டும். அப்பக்கத்தை மட்டும் புதிய கோப்பில் இட்டோம், விடை இரண்டே. அகப்படாத இரு சொற்களை மட்டும் இட்டோம்; விடை சுழி. தேடுசொல்லையும் தேடப்படும் சொல்லையும் அருகருகே வைத்து நோக்கினோம்; கண்ணுக்கு ஒரு வேறுபாடும் இல்லை. பின்னர் ஒவ்வோர் எழுத்தின் உள்ளெண்ணையும் அச்சிட்டோம். உண்மை அப்போதே வெளிப்பட்டது.

யூனிகோடு என்னும் உலகப் பொதுக் குறிமுறையில் தமிழுக்கு 2944 முதல் 3071 வரை 128 இடங்கள் ஒதுக்கப்பட்டுள. நம் நெடுங்கணக்கின் 247 எழுத்துக்கும் அவற்றில் தனித்தனி இடம் இல்லை. அகரமேறிய மெய் ஓர் எண். அதன்மேற் புள்ளியோ உயிர்க்குறியோ மற்றோர் எண். ஆகவே 'தமிழ்' என்னும் மூன்றெழுத்துச் சொல் கணினிக்கு ஐந்து குறி. 'திருச்சிராப்பள்ளி' என்னும் ஒன்பதெழுத்துப் பெயர் 17 குறி. மெய்யை முதலாகக் கொண்டு அதனோடு உயிர் கூடும் என்பது நம் இலக்கணம். அகரமேறிய மெய்யை முதலாகக் கொண்டு அதன்மேற் புள்ளி கூடும் என்பது கணினியின் கணக்கு. எழுத்தெண்ணுவார் இதனை மறத்தல் ஆகாது.

'ஸ்ரீ' என்னும் கூட்டெழுத்து நான்கு குறிகளால் ஆயது. எம் தேடுசொல்லில் அவை 3000, 3021, 2992, 3008 என நின்றன. அகப்படாத சொற்களிலோ 2998, 3021, 2992, 3008 என நின்றன. 3000 என்பது 'ஸ'. 2998 என்பது 'ஶ'. இந்த 'ஶ' யூனிகோட்டின் தமிழ்ப்பகுதியிற் சேர்ந்தது 2005-ஆம் ஆண்டில். அதற்குமுன் 'ஸ' கொண்டே இக்கூட்டெழுத்தை அமைத்தனர். பின்னர் 'ஶ' கொண்டும் அமைக்கலாயினர். எழுத்துருக்கள் பலவற்றில் இரண்டும் ஒரே வடிவாகத் தோன்றும். எம்மவர் வெவ்வேறு விசைப்பலகைகளாற் படியெடுத்தமையின் இரண்டும் விரவி நின்றன. 'ஶ'வை 'ஸ'வாக்கி எண்ணியபோது 19 என்பது 28 ஆயிற்று.

எஞ்சியவற்றையும் தேடினோம். மூலநூலின் வரியிறுதியிற் சிறுகோடிட்டு முறிந்த சொற்களை முறிந்தவாறே படியெடுத்திருந்தோம். அவற்றை இணைத்தபோது மேலும் மூன்று கூடி 31 ஆயிற்று. ஒருசார் மட்டும் திருத்துதல் நேர்மையன்று ஆதலின், திருவரங்கத்துக்கும் அவ்வாறே செய்தோம். 24 என்பது 26 ஆயிற்று. எம் முடிவு தலைகீழாக மாறியது. எழுதிய கட்டுரையைக் கிழித்துப் புதிதாக எழுத அவ்விரண்டு நாளும் செலவாயின.

இதனோடு ஒத்த மற்றொரு மயக்கத்தையும் கூறுதல் நன்று. 'கொள்ளிடம்' என்பதன் ஒகரக்குறியை 3018 என்னும் ஒரே எண்ணாலும் எழுதலாம். 3014, 3006 என ஒற்றைக்கொம்பும் காலுமாகப் பிரித்தும் எழுதலாம். 'கோயில்' என்பதன் ஓகாரமும் இத்தன்மைத்தே. வைணவ மரபிற் 'கோயில்' என்று வாளா கூறின் அது திருவரங்கத்தையே குறிக்குமாதலின், இவ்வாராய்ச்சி செய்வார்க்கு இது சிறு செய்தியன்று. குறிலுக்கும் நெடிலுக்கும் கொம்பு ஒன்றேயாய் மயங்கிய நாளில் அவற்றை வேறு பிரித்துக் காட்டிய வீரமாமுனிவரை இவ்விடத்து நினையாதிருத்தல் ஒல்லாது. அவர் கண்ணுக்குத் தோன்றிய மயக்கத்தை நீக்கினார். இதுவோ கண்ணுக்குத் தோன்றாத மயக்கம். பிரிந்து நிற்கும் குறிகளை ஒன்றாக்கும் சீராக்கல் முறை யூனிகோட்டிலேயே உளது; பைத்தானில் அதற்கெனத் தொகுதியும் உளது. எண்ணுமுன் அதனைத் தவறாது செய்க. ஆயினும் அது 'ஶ'வையும் 'ஸ'வையும் ஒன்றாக்காது. அவை வேறெழுத்துகள் ஆதலின் அவற்றை நாமே ஒன்றாக்கல் வேண்டும். அதனையும் எண்ணுதற்குரிய படியிலன்றி மூலப்படியிற் செய்தல் கூடாது.

ஐயுற்ற எழுத்தின்மேற் கர்சரை வைத்துக் கண்ட்ரோல் விசையோடு 'எக்ஸ்', பின்னர்ச் சமக்குறி என அழுத்தின், ஈமாக்ஸ் அதன் எண்ணைத் தானே காட்டும். இச்சிறு முறையை முன்னரே அறிந்திருப்பின் எம் இரண்டு நாட்கள் மிச்சமாயிருக்கும்.

நியாயாதிபதிகள் ஆகமத்தின் பன்னிரண்டாம் அதிகாரத்தில், கீலேயாத்தியர் யோர்தான் துறைகளைக் காத்துநின்று, கடப்போரை 'ஷிபோலேத்' என்னுமாறு ஏவிய செய்தி வருகின்றது. 'சிபோலேத்' என்றவர் எப்பிராயீமர் என்று அறியப்பட்டு உயிரிழந்தனர். ஆங்கு இரண்டு ஒலிகள் செவிக்கு வேறாய் நின்று மக்களைப் பிரித்தன. எம் காவிரித்துறையிலோ இரண்டு எழுத்துகள் கண்ணுக்கு ஒன்றாய் நின்று உண்மையை மறைத்தன. எழுத்து ஒன்றின் வேறுபாடு சிறிது என்று இகழ்தற்குரியதன்று என்பதே இரண்டினின்றும் யாம் கற்ற பாடம்.

கூவும் பிழை ஆசிரியரை ஒக்கும். அது திருத்திவிட்டே நீங்கும். வாளா இருக்கும் பிழையோ, நாம் விரும்பிய விடையைத் தந்து நம்மை உறங்கச் செய்யும். ஆகலின் விடை மனத்துக்கு இனிதாயிருக்கும்போதே மிகுதியும் ஐயுறுக. ஒரு பக்கத்தையேனும் கையால் எண்ணிக் கணினியின் எண்ணோடு ஒப்பிடுக. எம்மைக் காத்தது எந்நிரலும் அன்று. ஒரு பக்கத்தைப் பொறுமையோடு படித்த ஒரு தோழரின் கண்ணே.