தலைவலி மாத்திரையோடு இன்னொன்று!

புதுக்கோட்டை கீழராஜ வீதியில் ராத்திரி எட்டரை மணிக்கு ஒரு மெடிக்கல் ஷாப் பக்கமாக நின்று பாருங்கள். கூட்டம் கலையட்டும் என்று ஓர் இளைஞர் ஒதுங்கி நிற்பார். தோளில் ஆபீஸ் பை. கவுன்ட்டரில் பெண் இருந்தால், 'தலைவலி மாத்திரை ரெண்டு' என்று வாங்கிக்கொண்டு நடையைக் கட்டிவிடுவார். ஆண் இருந்தால் மாத்திரையோடு இன்னொன்றும் சேரும், பேப்பரில் சுற்றி!

இந்தக் கூச்சத்துக்கு விலை கொடுப்பது யார் தெரியுமா? வீட்டுக்காரம்மா! 2019-21ல் நடந்த தேசிய குடும்ப நல சர்வேயில், தமிழ்நாட்டில் 15லிருந்து 49 வயதுக்குள் உள்ள மணமான பெண்களில் நூற்றுக்கு சுமார் 58 பேர் கு.க. ஆபரேஷன் செய்துகொண்டவர்கள். கணவர் செய்துகொண்டது? ஆயிரத்துக்கு ஒருவர்! நான் பி.காம். படித்தவன். இப்படி ஒரு பார்ட்னர்ஷிப் கணக்கை எந்த ஆடிட்டரும் பாஸ் பண்ண மாட்டார்.

ஒரு காலத்தில் இப்படி இல்லை சார். அறுபதுகளில் ஆபரேஷன் என்றாலே பெரும்பாலும் ஆண்களுக்குத்தான். எமர்ஜென்சியின் 1976-77ல் மட்டும் நாடு முழுக்க அறுபது லட்சத்துக்கு மேற்பட்ட ஆண்களுக்குச் செய்தார்கள். பல பேருக்குக் கட்டாயமாக. அன்றைக்குப் பயந்து ஓடியவர்கள்தான்... இன்னும் திரும்பவில்லை!

என் நண்பருக்கு ஒரு குழந்தை. மனைவிக்கு ஹார்மோன் மாத்திரை ஒத்துக்கொள்ளவில்லை, ஓயாத வாந்தி. "ஹார்மோன் இல்லாம வேற என்ன மாப்ள இருக்கு?" என்றார். இருக்கிறதே!

முதலில் உறை. 1968ல் அரசாங்கம் மூன்று பதினைந்து பைசாவுக்குக் கொண்டுவந்தது நிரோத். அதற்கு மன்மதனை நினைத்து 'காமராஜ்' என்று பெயர் வைக்கத்தான் யோசித்தார்களாம். காங்கிரஸ் தலைவர் பெயரே அதுதான் என்று யாரோ காதில் போட, தப்பித்தது நாடு! ஒவ்வொரு தடவையும் ஒழுங்காக உபயோகித்தால் வருஷத்துக்கு நூற்றில் இரண்டு பேர் வீட்டில்தான் தொட்டில் ஆடும். நம் ஆட்கள் உபயோகிக்கிற லட்சணத்தில் அது பதிமூன்று. பர்ஸில் வைத்து உட்கார்ந்தே நசுக்குவது, பைக் பெட்டியில் வெயிலில் வேகவைப்பது... எல்லாவற்றையும்விட மோசம் தேங்காய் எண்ணெய். தடவினால் ரப்பர் சில நிமிஷத்தில் பலவீனமாகிக் கிழிந்துவிடும்.

அடுத்தது காப்பர்-டி. செம்புதான் வேலை செய்கிறது, விந்தணுவை முடக்கிவிடும். 380ஏ ரகம் பத்து வருஷம் தாங்கும். அரசு ஆஸ்பத்திரிகளில் இலவசம். அடுத்த குழந்தை வேண்டுமா, எடுத்துவிடலாம். நெஞ்சுக்கு ஏறிவிடும் என்று பயமுறுத்தும் அத்தைகளை நம்ப வேண்டாம். ஆனால் முதல் சில மாதம் உதிரப்போக்கும் வயிற்றுவலியும் கூடலாம். அப்போது 'எல்லாருக்கும் இப்படித்தான்' என்று டி.வி. பார்க்காமல் டாக்டரிடம் கூட்டிப் போங்கள்.

மாத்திரைதான் வேண்டும் என்றால், நம் லக்னோ விஞ்ஞானிகள் கண்டுபிடித்த சென்ட்குரோமன். 'சஹேலி' என்று 1991ல் கடைக்கு வந்தது. ஹார்மோன் கிடையாது. முதல் மூன்று மாதம் வாரம் இரண்டு, அப்புறம் வாரம் ஒன்று. மாதவிலக்கு கொஞ்சம் தள்ளிப் போகலாம். எல்லாருக்கும் ஆகாது, டாக்டரைக் கேட்டுத்தான் ஆரம்பிக்க வேண்டும்.

"ரெண்டாவதும் பொறந்துட்டா?" என்றார் நண்பர். அப்போது உங்க முறை என்றேன். முகம் சுருங்கிவிட்டது!

கத்தியில்லாத வாசக்டமி இருபது நிமிஷ வேலை. மரத்துப் போக ஊசி, சின்னத் துளை, தையல் இல்லை, அன்றைக்கே வீடு. பெண்ணுக்கோ வயிற்றைத் திறக்க வேண்டும். அரசு தரும் ஊக்கத்தொகைகூட ஆணுக்குத்தான் அதிகம். ஆண்மை போகாது, ஆண் ஹார்மோன் ரத்தத்தில் போகிறது, வெட்டுகிற குழாயில் இல்லை. ஒன்றே ஒன்று: மறுநாளே பலன் கிடையாது. மூன்று மாதம் உறையோடுதான். பிறகு விந்துப் பரிசோதனையில் அணு இல்லை என்று ரிப்போர்ட் வரணும். இதைக் கேட்காமல் விட்டுவிட்டு, அப்புறம் மனைவியைச் சந்தேகப்படுகிற மகானுபாவர்களும் உண்டு.

எல்லாம் கேட்டுக்கொண்ட நண்பர் அன்று ராத்திரியே வீட்டில் பேசினாராம். மனைவி ஒரே ஒரு கேள்விதான் கேட்டாராம்:

"சரி... இதை உங்க அம்மாகிட்ட யாருங்க சொல்றது?"